தகரத்தைப் பிரித்த பிறகு பழையபடி ஆகுமா?

ஈரோட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொரோனா ஓய்ந்து இத்தனை வருஷம் ஆகியும் அவர் அம்மா பால் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுக் கழுவித்தான் வீட்டுக்குள் எடுக்கிறாராம். கல்யாணம், காதுகுத்து எதற்கும் வருவதில்லை. அம்மாவின் அண்ணன் 2021 மே மாதம் இறந்துபோனார், முகம்கூடப் பார்க்க முடியவில்லை. "ஒரு பெருந்தொற்றுக்குப் பிறகு அன்றாட வாழ்க்கை உண்மையிலேயே பழையபடி ஆகுமா, இல்லை ஆகிவிட்டது மாதிரி நாம் எல்லோரும் நடித்துக்கொண்டிருக்கிறோமா?" என்பது தம்பியின் கேள்வி.

நான் கோவைப் பக்கம் முப்பது வருஷத்துக்கு மேல் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். 2020-ல் வீட்டு வாசலில் ஸ்டிக்கர் ஒட்டியதும், தெருவை அடைக்கத் தகரத்தோடு ஆள் கூட்டிப் போனதும் எங்களைப் போன்றவர்கள்தான். அந்த உரிமையில் சொல்கிறேன்: ஆகும். நாம் பயந்ததைவிட வேகமாகவே பெரும்பகுதி திரும்பிவிட்டது. ஆனால் தானாகத் திரும்பி வருவது ஒன்று, யாராவது மெனக்கெட்டுப் போய்க் கேட்டால் மட்டுமே வருவது இன்னொன்று. முதலாவது வந்துவிட்டதைப் பார்த்து இரண்டாவதும் வந்திருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். உங்களுக்குத் தோன்றும் அந்த நடிப்பு இந்த இடத்தில்தான் இருக்கிறது.

2020 ஏப்ரலில் தொலைக்காட்சியில் உட்கார்ந்து பேசியவர்கள் எல்லோரும் ஒரே பல்லவியைப் பாடினார்கள். இனி யாரும் கைகுலுக்க மாட்டார்கள், கல்யாணம் ஐம்பது பேரோடு முடிந்துவிடும், தியேட்டர் என்பதே இருக்காது. மே 7-ம் தேதி டாஸ்மாக் கடைகளைத் திறந்தார்கள். ஊரடங்கு தொடங்கி ஒன்றரை மாதம்கூட முழுதாக ஆகவில்லை. திருப்பூரில் குடையோடு வந்தால்தான் சரக்கு என்று விதி போட்டார்கள். குடையை விரித்து நின்றால் ஆளுக்கு ஆள் இடைவெளி தானாக வந்துவிடும் என்ற கணக்கு. கணக்கு நல்ல கணக்குதான். மறுநாளே உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது, அரசு உச்ச நீதிமன்றம் வரை போய்த் தடை வாங்கி, 16-ம் தேதி மறுபடியும் கடையைத் திறந்தது. அந்த வரிசைகளைப் பார்த்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது, கூட்டம் என்ற ஒன்றைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை என்று.

கோயம்பேடும் அப்படித்தான். சந்தையிலிருந்து தொற்று மாவட்டம் மாவட்டமாகப் பரவியதால் மே 5-ம் தேதி அதை மூடி, திருமழிசையில் தற்காலிகச் சந்தை போட்டார்கள். செப்டம்பர் 28-ம் தேதி காய்கறி மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்கே திரும்பியது. ஐந்து மாதம்கூட இல்லை. திருப்பூரிலிருந்து சிறப்பு ரயில் ஏறிப் போன வடமாநிலத் தொழிலாளர்களை அதே வருஷம் கம்பெனிக்காரர்களே வண்டி வைத்து அழைத்து வந்தார்கள். வயிறு, வியாபாரம், விசேஷம் இந்த மூன்றும் யாருடைய அனுமதிக்கும் காத்திருப்பதில்லை.

பயத்துக்கும் ஆயுள் உண்டு. ஒரு தெருவைத் தகரம் வைத்து அடைத்தால் முதல் நாள் எங்கள் வண்டி நின்ற இடத்தில்கூட யாரும் கால் வைக்க மாட்டார்கள். மூன்றாம் நாள் ஒரு தகரத்தின் ஓரம் லேசாக வளைந்திருக்கும், பால் தூக்குப்போசி நுழையும் அளவுக்கு. பத்தாம் நாள் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஊர்ப் பஞ்சாயத்து நடக்கும். நான் பார்த்தும் பார்க்காதமாதிரி போயிருக்கிறேன். (அந்தத் தகரம் பல இடங்களில் வாடகைத் தகரம், கல்யாணப் பந்தலுக்குக் கொடுக்கிறவர்கள் கொடுத்தது. பிறகு அது கல்யாணப் பந்தலுக்கே திரும்பிப் போயிருக்கும்.)

இது கொரோனாவுக்கு மட்டும் உள்ள குணமும் இல்லை. 1957 மே மாதம் சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு 'ரஜூலா' என்ற கப்பல் வந்தது. மலேயா போய் வந்த குடும்பங்களில் அந்தப் பெயரைக் கேட்டால் பெரியவர்களுக்கு முகம் மலரும். அந்தத் தடவை அது இறக்கிவிட்டவர்களில் இருநூறுக்கு மேற்பட்டவர்களுக்குக் காய்ச்சல். ஆசியக் காய்ச்சல் என்று உலகம் பேர் வைத்த இன்ஃப்ளூயன்சா இந்தியாவுக்குள் நுழைந்தது நம் சென்னை வழியாகத்தான். அடுத்த எட்டு ஒன்பது மாதத்தில் நாடு முழுக்க 44 லட்சம் பேருக்கு மேல் பாதிப்பு என்று அரசுக் கணக்கு சொன்னது, எழுதப்படாதது அதற்கு மேல் எவ்வளவோ. உங்கள் தாத்தா பாட்டியில் யாராவது அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? என் வீட்டில் சொன்னதில்லை. ரஜூலா கப்பலில் வந்த பட்டுச்சேலை, பிஸ்கட் டின் கதை எல்லாம் வந்தது. காய்ச்சல் கதை மட்டும் வரவில்லை.

1918-ல் வந்ததோ அதைவிடப் பல மடங்கு பெரியது. ஜூன் மாதம் பம்பாய்த் துறைமுகத்தில் தொடங்கி, செப்டம்பருக்குப் பிறகு இரண்டாம் அலையாக ஊர் ஊராகப் போனது. இந்தியாவில் மட்டும் 1.2 கோடியிலிருந்து 2 கோடி வரை இறந்திருப்பார்கள் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டின் எண்ணிக்கை 1911-ஐவிடக் குறைந்திருந்தது. அதற்குப் பிறகு எந்தக் கணக்கெடுப்பிலும் அப்படிக் குறையவில்லை. ஆனாலும் பத்துப் பதினைந்து வருஷத்தில் அந்த நோயின் பேச்சு வீடுகளிலிருந்து போய்விட்டது. கிருமி மட்டும் போகவில்லை. அந்த வகையின் வாரிசுகள் சாதாரணப் பருவக் காய்ச்சலாகப் பல பத்தாண்டுகள் சுற்றிக்கொண்டிருந்தன. 2009-ல் பன்றிக் காய்ச்சல் என்று கேட்டவுடன் முகக்கவசம் தேடி ஓடினோமே, அதுவும் இப்போது வருஷா வருஷம் வந்துபோகும் ஒரு காய்ச்சல்தான். கொரோனாவும் அந்த வழியில் போய்க்கொண்டிருக்கிறது. 2023 மே 5-ம் தேதி உலக சுகாதார நிறுவனம் சர்வதேச அவசரநிலையை முடித்துக்கொண்டது, கிருமியை ஒழித்துவிட்டதாகச் சொல்லவில்லை.

திரும்பி வராமலே போய், அதைப் பற்றி யாரும் வருத்தப்படாத விஷயங்களும் உண்டு. கீரைக்காரம்மாவின் வண்டியில் இப்போது க்யூஆர் அட்டை தொங்குகிறது, 'பத்து ரூபாய் பெறப்பட்டது' என்று ஒரு பெட்டி கத்துகிறது. 2020 பிப்ரவரியில் மாதத்துக்கு 132 கோடியாக இருந்த யுபிஐ பரிவர்த்தனை 2023 ஆகஸ்டில் 1000 கோடியைத் தாண்டியது. வெளிநாட்டு மகனுக்காகக் கல்யாணத்தை நேரலையில் காட்டுவது நிலைத்துவிட்டது. பொது இடத்தில் எச்சில் துப்பினால் 500 ரூபாய் அபராதம் என்று 2020 செப்டம்பரில் அவசரச் சட்டம் வந்தது. அது மட்டும் நிலைத்திருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன்.

பழைய பிளேக் காலத்தைப் பார்த்தால், பயத்தில் உருவானவை எவ்வளவு நாள் நிற்கும் என்று தெரியும். 1898-ல் பெங்களூரில் பிளேக் வந்த பிறகு நெரிசலிலிருந்து மக்களை வெளியே நகர்த்த விரித்த பகுதிகள்தான் மல்லேஸ்வரமும் பசவனகுடியும். பம்பாயில் அதே 1898-ல் நகர மேம்பாட்டு அறக்கட்டளை ஒன்றை அமைத்தார்கள்; தமிழர்கள் பின்னால் போய்க் குடியேறிய மாட்டுங்கா அந்த அறக்கட்டளையின் திட்டத்தில் பிறந்த ஊர். எங்கள் கோயம்புத்தூரைப் பிளேக் திரும்பத் திரும்ப அடித்தது. நகரத்துக்குள் பிளேக் மாரியம்மன் கோவில்கள் இன்றைக்கும் இருக்கின்றன. பிளேக் என்றால் என்னவென்றே தெரியாத பிள்ளைகள் அங்கே போய்ப் பரீட்சைக்கு வேண்டிக்கொள்கிறார்கள். 2021 மே மாதம், இரண்டாம் அலை உச்சத்தில், இருகூர்ப் பக்கம் காமாட்சிபுரி ஆதீனத்தில் கொரோனா தேவி சிலை வைத்தபோது ஊரே கேலி பேசியது. எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. ஐம்பது வருஷம் கழித்துக் கொரோனாவை யாராவது ஞாபகம் வைத்திருந்தால் அது அந்தச் சிலையால்தான் இருக்கும்.

சட்டமும் அதே மாதிரிதான் நிற்கிறது. 1897-ல் பம்பாய் பிளேக்குக்காக அவசரமாக எழுதிய தொற்றுநோய்ச் சட்டத்தில் நான்கே பிரிவுகள். 123 வருஷம் கழித்து 2020-ல் நாங்கள் அதைத்தான் கையில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினோம். அந்தச் சட்டம் வந்த அதே வருஷம் ஜூன் மாதம், வீடு வீடாகச் சோல்ஜர்களை நுழைத்துச் சோதனை போட்ட புனே பிளேக் கமிஷனர் ராண்டைச் சாபேக்கர் சகோதரர்கள் சுட்டார்கள். எங்கள் வேலையில் இருக்கிறவர்கள் மறக்கக் கூடாத கதை அது.

சரி, இரண்டாவது வகைக்கு வருகிறேன்.

ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். அறுபது வயதான ஆண்களுக்கு 40 சதவீதம், 58 வயதான பெண்களுக்கு 50 சதவீதம் கட்டணச் சலுகை இருந்தது. 2020 மார்ச் 20-ம் தேதி அதை நிறுத்தினார்கள். காரணம் நியாயமாகத்தான் இருந்தது, வயதானவர்கள் தேவையில்லாமல் பயணம் செய்ய வேண்டாம் என்று. ரயில் ஓடத் தொடங்கியது, கூட்டம் வந்தது, இரவு ரயிலில் போர்வை தலையணைகூட 2022 மார்ச்சில் திரும்பியது. சலுகை திரும்பவில்லை. நாடாளுமன்ற நிலைக்குழுவே பரிசீலிக்கச் சொல்லியும், எல்லா டிக்கெட்டிலும் ஏற்கெனவே மானியம் இருக்கிறது என்பதுதான் பதிலாக வந்தது. இதே போல, பாசஞ்சர் ரயில்களைச் 'சிறப்பு எக்ஸ்பிரஸ்' என்று பேர் மாற்றி, 10 ரூபாயாக இருந்த குறைந்தபட்சக் கட்டணத்தை 30 ஆக்கினார்கள். அது 2024 பிப்ரவரியில் பழையபடி ஆனது. நான்கு வருஷம்! டாஸ்மாக்குக்கு ஒன்றரை மாதம், பாசஞ்சர் டிக்கெட்டுக்கு நான்கு வருஷம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இன்னொன்று. 1881 முதல் 2011 வரை பத்து வருஷத்துக்கு ஒருமுறை தவறாமல் நடந்தது. உலகப் போர் நடந்த 1941-லும் நடந்தது. ஒரு கோடிக்கு மேல் செத்து மூன்றே வருஷம் ஆன 1921-லும் நடந்தது. 2021-ல்தான் முதல் தடவையாக நின்றது. கொரோனா என்று சொல்லித் தள்ளி வைத்தது தள்ளிக்கொண்டே போய், கடைசியில் 2027-க்கு என்று 2025 ஜூனில் அறிவிக்கை வந்தது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் எத்தனை பேருக்கு அரிசி என்பது இன்னமும் 2011 தலைக்கணக்கை வைத்துத்தான். சந்தை திரும்பியதைக் கண்ணால் பார்த்தோம், அதனால் நாடே பழையபடி ஆகிவிட்டது என்று நினைத்தோம். கணக்கெடுப்பு வராதது யார் கண்ணிலும் படவில்லை.

பள்ளிக்கூடம்தான் எனக்கு இதில் பெரிய உறுத்தல். தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு 2020 மார்ச்சில் பூட்டிய கதவு 2021 நவம்பர் 1-ம் தேதிதான் திறந்தது. பத்தொன்பது மாதம். ஏசர் என்ற கிராமப்புறக் கல்வி ஆய்வு, மூன்றாம் வகுப்புப் பிள்ளை இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கிறதா என்று நாடு முழுக்கப் போய்ப் பார்க்கிறது. 2018-ல் வாசித்தவர்கள் 27.3 சதவீதம், 2022-ல் 20.5 சதவீதம், 2024-ல் 27.1 சதவீதம். பார்த்தீர்களா, பழையபடி ஆகிவிட்டது என்று இதைக் காட்டிச் சொல்லலாம், சொல்கிறார்கள். ஆனால் 2024-ல் வாசித்துக் காட்டியது வேறு பிள்ளைகள். 2022-ல் மூன்றாம் வகுப்பில் எழுத்துக் கூட்டத் திணறிய பையன் 2024-ல் ஐந்தாம் வகுப்புக்குப் போய்விட்டான், அவன் இந்தக் கணக்கிலேயே இல்லை. சராசரி திரும்பி வந்தது, அவன் வந்தானா என்று அவன் வகுப்பில் போய்த்தான் பார்க்க வேண்டும்.

அப்படிப் போய்ப் பார்த்த காரியம் ஒன்று இங்கே நடந்தது. 2021 அக்டோபரில் மரக்காணம் பக்கம் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் திண்ணையிலும் கோவில் மண்டபத்திலும், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்கு, அந்தந்தத் தெருவில் படித்த பெண்கள் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்கள். குறை சொல்ல ஆயிரம் இருக்கலாம். நான் காய்ச்சல் முகாமுக்குப் போன கிராமங்களில், இருட்டும் நேரத்தில் பிள்ளைகள் சத்தம் போட்டு வாசித்துக்கொண்டிருந்ததைக் கேட்டிருக்கிறேன். பெருந்தொற்று எடுத்துப் போனதை யாரோ போய்க் கேட்டு வாங்கிக்கொண்டு வருகிறார்கள் என்று எனக்குத் தோன்றிய மிகச் சில இடங்களில் அது ஒன்று.

அப்புறம் சாவு. உங்கள் அம்மாவின் விஷயம் இங்கேதான் வருகிறது என்று நினைக்கிறேன். பால் பாக்கெட்டில் இல்லை.

இந்தியாவில் கொரோனாவால் இறந்தவர்கள் அரசுக் கணக்கில் ஐந்தேகால் லட்சத்துக்கு மேல். 2020, 2021 இரண்டு வருஷத்தில் வழக்கத்தைவிடக் கூடுதலாக 47 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. நம் அரசு அதை ஒப்புக்கொள்ளவில்லை. எந்தக் கணக்கை எடுத்தாலும், அதில் எத்தனையோ பேர் வீட்டு வாசலில் கிடத்தப்படாமல், நீர்மாலை இல்லாமல், ஒப்பாரி இல்லாமல் போனவர்கள். ஆஸ்பத்திரியில் பாலித்தீன் பையில் சுற்றி, வண்டியில் ஏற்றி, நேராக மயானம். மகன் ஒருவன் தூரத்தில் நிற்பான். சில சமயம் அவனும் வார்டில் கிடப்பான்.

இதில் நான் சொல்லியாக வேண்டிய ஒன்று இருக்கிறது. 2020 மார்ச் மாதமே மத்திய சுகாதார அமைச்சகம் கொடுத்த வழிகாட்டுதலில், பையின் முகப் பக்கத்தைத் திறந்து உறவினர்களுக்குக் கடைசியாக ஒருமுறை காட்டலாம் என்று இருந்தது. உடலைத் தொடாமல் செய்யும் சடங்குகளையும் அனுமதிக்கலாம். சாம்பலால் ஆபத்தில்லை, எடுத்துக்கொள்ளலாம். எல்லாம் எழுத்தில் இருந்தது. நாங்கள் அவசரத்திலும் பயத்திலும் பல இடங்களில் "பார்க்கக் கூடாது, தள்ளி நில்லுங்கள்" என்று சொல்லிவிட்டோம். நானும் சொன்னேன். ஒரு நாளைக்கு எட்டு, ஒன்பது என்று வந்துகொண்டிருந்தபோது வேறு எதுவும் வாயில் வரவில்லை.

கூட்டத்துக்கு வர மறுக்கிறவர்கள் எல்லோரும் கிருமிக்குப் பயந்தவர்கள் என்று நான் நினைப்பதில்லை. நம் பக்கம் துக்கம் நடந்த வீடு மற்ற வீடுகளின் விசேஷத்துக்குப் போவதற்கு ஒரு முறை இருக்கிறது. பதினாறு கும்பிட்டு, உறவு எல்லாம் வந்து துக்கம் கேட்டு, பிறகுதான் ஒரு நல்ல காரியத்தில் காலெடுத்து வைப்பார்கள். உங்கள் அம்மாவுக்கு அது நடக்கவே இல்லை. அண்ணனுக்குச் சாவு வீடு என்று ஒன்று இருந்திருந்தால்தானே அதிலிருந்து வெளியே வர முடியும்?

அதனால், பாக்கெட்டை அம்மா கழுவிக்கொள்ளட்டும், தண்ணீர் செலவைத் தவிர நஷ்டம் இல்லை. மாமா வீட்டுக்கு ஒருமுறை அம்மாவைக் கூட்டிப் போங்கள். ஐந்தாறு பேர் போதும். நாலு வருஷம், ஐந்து வருஷம் கழித்து எப்படி என்று யோசிக்க வேண்டாம். நான் பார்த்திருக்கிறேன், போயிருக்கிறார்கள். போகிற வீட்டிலும் அதற்காகக் காத்திருந்த மாதிரிதான் இருக்கும். எங்கே எரித்தார்கள், எங்கே புதைத்தார்கள் என்று தெரியவில்லை என்றால், மயானத்துப் பதிவேட்டில் தேதியும் பெயரும் எழுதியிருப்பார்கள், கேட்டால் பார்த்துச் சொல்வார்கள். கூச்சப்படாமல் கேளுங்கள்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் அலுவலகத்துக்கு ஓர் அம்மாவும் மகளும் வந்தார்கள். இரண்டாம் அலையில் வீட்டுக்காரரைப் புதைத்த இடம் தெரிய வேண்டும் என்றார்கள். அந்தச் சமயத்தில் நான் சொந்தமாக ஒரு நோட்டு போட்டிருந்தேன். மேலே இருந்து யாரும் கேட்கவில்லை, எனக்கே மறந்துவிடும் என்று எழுதி வைத்தது: தேதி, பெயர், கிழக்கு மதிலிலிருந்து எத்தனையாவது குழி. எடுத்துப் பார்த்தேன், இருந்தது. மூன்று பேரும் நடந்தே போனோம். அந்த இடத்தில் எருக்கு மண்டிக் கிடந்தது. மகள்தான் முதலில் குனிந்து பிடுங்கத் தொடங்கினாள். நான் மதிலோரம் தள்ளிப் போய் நின்றுகொண்டேன். அந்த அம்மா திரும்பிப் பார்த்து, "நீங்களும் வாங்க சார், அன்னைக்கும் நீங்கதானே இருந்தீங்க" என்றார்.